தொடக்ககால முஸ்லிம் சமூகத்தில் பெண்களும் திருமணமும்

தொடக்ககால முஸ்லிம் சமூகத்தில் திருமணம் என்பது கி.பி. 7ஆம் நூற்றாண்டில் மக்காவிலும் மதீனாவிலும் உருவான முஸ்லிம் சமூகத்தில் நிலவிய மண உறவு முறைகளையும், அவற்றில் பெண்களுக்கு இருந்த உரிமைகளையும் வரம்புகளையும் குறிக்கும். அரபு மொழியில் திருமணம் நிக்காஹ் எனப்படும். இஸ்லாமிய வழக்கில் இது ஓர் ஒப்பந்தம் ஆகும். அவ்வொப்பந்தத்தில் பெண் ஒரு தரப்பா, அல்லது இரு குடும்பங்களுக்கு இடையே கைமாற்றப்படும் பொருளா என்ற கேள்வி முகம்மது நபியின் காலத்திலேயே எழுந்துவிட்டது. குர்ஆன் வசனங்கள் சிலவும் நபிமொழிகள் பலவும் இக்கேள்வி தொடர்பான வழக்குகளை ஒட்டியே அமைந்துள்ளன. அவ்வழக்குகளில் பெரும்பாலானவற்றைக் கொண்டுவந்தவர்கள் பெண்களே என்பது குறிப்பிடத்தக்கது.

சான்றுகள்

இக்காலத்தைப் பற்றிய முதன்மைச் சான்று குர்ஆன் ஆகும். குறிப்பாக 2, 4, 33, 58, 60, 65 ஆகிய அத்தியாயங்களில் மணம், மணவிலக்கு, வாரிசுரிமை பற்றிய விதிகள் உள்ளன. நான்காம் அத்தியாயத்தின் பெயரே 'பெண்கள்' (அந்நிஸா) என்பதாகும். அடுத்த நிலையில் நபிமொழித் தொகுப்புகளும் வாழ்க்கை வரலாற்று நூல்களும் அமைகின்றன. மதீனாவின் சட்ட அறிஞர் மாலிக் இப்னு அனஸ் (இறப்பு 795) தொகுத்த முவத்தா, புகாரி (இறப்பு 870) தொகுத்த நபிமொழி நூல், இப்னு சஅது (இறப்பு 845) எழுதிய தபகாத் ஆகியன முக்கியமானவை. தபகாத் நூலின் ஒரு பகுதி முழுவதும் பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகளால் ஆனது. யார் யாரை மணந்தார், எவ்வளவு மகர் பெற்றார், கணவர் இறந்தபின் என்ன செய்தார் என்ற செய்திகள் அதில் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இந்நூல்கள் நிகழ்ச்சிகள் நடந்து நூறு முதல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இப்போதைய வடிவம் பெற்றவை. ஆகவே தனித்தனிச் செய்திகளின் நம்பகத்தன்மை பற்றி முஸ்லிம் நபிமொழி அறிஞர்களிடையேயும் நவீன வரலாற்றாசிரியர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பல செய்திகள் பிற்காலச் சட்டவியலாளர்களுக்குச் சங்கடம் தருவனவாகவே உள்ளன. பிற்காலத்தார் தம் வசதிக்காக மட்டும் புனைந்தவையாக இவற்றை எல்லாம் கொள்வது கடினம்.

இஸ்லாத்துக்கு முந்தைய நிலை

இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் ஒரே சீரான மண முறை இருக்கவில்லை. பல்வகை மண உறவுகள் அன்று வழங்கியதாகவும், பெண்ணின் காப்பாளரிடம் கேட்டு மகர் கொடுத்து மணக்கும் முறை மட்டுமே பின்னர் நிலைபெற்றதாகவும் ஆயிஷா கூறிய அறிவிப்பு ஒன்று புகாரியின் தொகுப்பில் உள்ளது. தந்தை இறந்தால் அவருடைய மனைவியை (தன் தாய் அல்லாதவரை) மகன் சொத்துடன் சேர்த்து உரிமை கொண்டாடும் வழக்கமும் இருந்தது. குர்ஆன் 4:19, 4:22 ஆகிய வசனங்கள் இதைத் தடை செய்தன. மகர் ஏதுமின்றி இரு ஆண்கள் தத்தம் மகளையோ சகோதரியையோ ஒருவருக்கொருவர் மணம் செய்து கொடுக்கும் சிகார் எனும் முறையும் தடுக்கப்பட்டது. இது பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கத்தை ஒத்தது. ஒரு பெண்ணே மற்றொரு பெண்ணின் விலையாக ஆவதுதான் இங்கு மறுக்கப்பட்டது.

அதேவேளை, பழைய அரேபியாவில் பெண்கள் அனைவரும் உரிமையற்று இருந்தனர் என்ற பரவலான கருத்தும் சரியன்று. மக்காவின் வணிகரான கதீஜா கணவரை இழந்தவர். தம் சொந்த முதலீட்டில் வணிகக் குழுக்களை அனுப்பி வந்தவர். முகம்மதைத் தம் வணிகத்துக்கு அமர்த்தியவரும், நபீசா என்னும் பெண்மணி வழியே திருமணப் பேச்சைத் தொடங்கியவரும் அவரே. கி.பி. 595 அளவில் இத்திருமணம் நடைபெற்றது. கதீஜா 619இல் இறக்கும் வரை முகம்மது வேறு மணம் செய்யவில்லை. மதீனாப் பெண்கள் கணவரிடம் எதிர்த்துப் பேசும் இயல்பினர் என்றும், அவர்களைப் பார்த்து மக்காவிலிருந்து வந்த குறைசியரின் மனைவியரும் அவ்வாறே பேசத் தொடங்கினர் என்றும் உமர் குறைபட்டதாக ஒரு செய்தி உண்டு. ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபட்டதை இது காட்டுகிறது.

மகர்

மகர் என்பது மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அல்லது பொருள் ஆகும். முன்பு இது பெரும்பாலும் பெண்ணின் தந்தைக்கோ காப்பாளருக்கோ சென்றது என்று கருதப்படுகிறது. குர்ஆன் 4:4 மகரைப் பெண்களிடமே கொடுக்குமாறு பணித்தது. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவன் அதில் ஒரு பகுதியைப் பயன்படுத்தலாம். சிறிய மாற்றமாகத் தோன்றினும் விளைவு பெரிது. பணம் பெறுபவரே ஒப்பந்தத்தின் தரப்பு என்றாகிவிடுகிறது. மணமான பின்னரும் பெண்ணின் சொத்து அவருடையதாகவே இருந்தது; கணவனின் சொத்துடன் கலக்கவில்லை.

மகரின் அளவு பெரிதும் வேறுபட்டது. நபியின் மனைவியருக்குப் பொதுவாக 500 திர்ஹம் வழங்கப்பட்டதாக ஆயிஷா அறிவிக்கிறார். நபியின் மகள் பாத்திமாவை மணந்த அலியிடம் ஒரு போர்க்கவசத்தைத் தவிரக் கொடுப்பதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. ஓர் ஏழை மணமகனிடம் இரும்பு மோதிரமேனும் உண்டா என்று நபி கேட்டதும், அதுவும் இல்லாதபோது அவர் மனனம் செய்திருந்த குர்ஆன் அத்தியாயங்களையே மகராக ஏற்றதும் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளன. மதீனாவைச் சேர்ந்த உம்மு சுலைம் என்ற கைம்பெண், தம்மை மணக்கக் கேட்ட அபூதல்ஹாவிடம் அவர் இஸ்லாத்தை ஏற்பதே தமக்கு மகர் என்றார்.

உமர் தம் ஆட்சிக்காலத்தில் (634–644) மகருக்கு மேல்வரம்பு விதிக்க முயன்றதாகவும், பெரும் பொருட்குவியலையே கொடுத்திருந்தாலும் திரும்பப் பெறக்கூடாது என்னும் 4:20 வசனத்தைச் சுட்டி ஒரு பெண் எழுந்து மறுத்ததாகவும், உமர் தம் முடிவைக் கைவிட்டதாகவும் ஒரு செய்தி புகழ்பெற்றது. இதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என நபிமொழி அறிஞர் சிலர் கருதுகின்றனர். ஆயினும் பிற்கால நூல்களில் இது தொடர்ந்து எடுத்தாளப்பட்டு வந்துள்ளது.

சம்மதமும் காப்பாளரும்

பெண்ணின் சார்பில் ஒப்பந்தம் செய்யும் ஆண் உறவினர் வலீ (காப்பாளர்) எனப்படுவார். பொதுவாகத் தந்தையே வலீ ஆவார். தந்தையின் விருப்பமும் மகளின் விருப்பமும் முரண்படும்போது எது மேலானது என்பதே இங்கு எழுந்த சிக்கல்.

முன்பே மணமாகியிருந்த கன்சா பின்த் கிதாம் என்ற மதீனாப் பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாக அவருடைய தந்தை மணம் செய்து கொடுத்தார். கன்சா நபியிடம் முறையிட்டார், அத்திருமணம் செல்லாததாக்கப்பட்டது. இச்செய்தி முவத்தாவிலும் புகாரியிலும் உள்ளது. மற்றொரு பெண், தந்தை தம் குடும்ப மதிப்பை உயர்த்திக்கொள்வதற்காகத் தம்மை உறவினர் ஒருவருக்கு மணமுடித்ததாக முறையிட்டார். ஏற்பதா மறுப்பதா என்ற முடிவை நபி அவரிடமே விட்டார். அப்பெண் திருமணத்தை ஏற்றுக்கொண்டார். இவ்விடயத்தில் தந்தையருக்குத் தனி அதிகாரம் இல்லை என்பதைப் பெண்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே தாம் வந்ததாகவும் கூறினார்.

முன்பு மணமான பெண்ணிடம் வெளிப்படையான சம்மதமும், மணமாகாத பெண்ணிடம் அனுமதியும் கேட்கப்பட வேண்டும் என்றும், வெட்கத்தால் பேசாதிருப்பின் மௌனமே அனுமதியாகக் கொள்ளப்படும் என்றும் நபிமொழிகள் கூறுகின்றன. பிற்காலச் சட்டத்தில் இம்மௌனம் ஒரு பெரிய இடைவெளியாக அமைந்தது. பருவமடையாத மகளைத் தந்தை அவளிடம் கேட்காமலே மணமுடிக்கலாம் என்பதையும் சட்டவியலாளர்கள் ஏற்றனர். ஆயிஷாவின் திருமணம் இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. ஒப்பந்தம் ஆறு வயதிலும் இல்லறம் ஒன்பது வயதிலும் தொடங்கியதாக அவர் பெயரிலேயே வந்துள்ள அறிவிப்பு புகாரி உள்ளிட்ட தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. மரபுவழி அறிஞர்கள் பெரும்பாலோர் இதை ஏற்கின்றனர். 20ஆம் நூற்றாண்டு முதல் சில எழுத்தாளர்கள் வேறு காலக் கணக்குகளைக் கொண்டு அவருடைய வயது கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என வாதிடுகின்றனர்.

காப்பாளர் இன்றித் திருமணம் இல்லை என்ற நபிமொழியை அறிவித்தவர்களுள் ஆயிஷாவும் ஒருவர். ஆனால் அவரே, தம் சகோதரர் அப்துர் ரகுமான் சிரியா சென்றிருந்த வேளையில் அவருடைய மகள் ஹப்சாவை அல்முந்திர் இப்னு சுபைருக்கு மணம் செய்து கொடுத்ததாக முவத்தா கூறுகிறது. திரும்பி வந்த தந்தை தம்மைக் கேட்காமல் நடந்தது குறித்துக் கோபமுற்றார். எனினும் தம் சகோதரி செய்ததை மாற்ற விரும்பாததால் திருமணம் நிலைத்தது. ஒரே பெண்மணியின் பெயரில் அமைந்த இவ்விரு செய்திகளும் பிற்காலச் சட்டப் பள்ளிகளின் வாதத்தில் எதிரெதிராக நிறுத்தப்பட்டன.

மணமுறிவு

தலாக் எனும் மணவிலக்கு கணவனின் கையில் இருந்தது. விலக்கிவிட்டு மீண்டும் சேர்வது, மறுபடி விலக்குவது என முடிவின்றிப் பெண்ணை அலைக்கழிக்கும் வழக்கத்தைக் குர்ஆன் 2:229 இருமுறை என வரையறுத்தது. மூன்றாம் முறைக்குப்பின் மீளச் சேர முடியாது. ஒரே நேரத்தில் சொல்லப்படும் மூன்று தலாக் நபியின் காலத்திலும் அபூபக்கர் காலத்திலும் உமர் ஆட்சியின் முதல் ஈராண்டுகளிலும் ஒன்றாகவே எண்ணப்பட்டது என்றும், மக்கள் அவசரப்படுவதைக் கண்டு உமரே அதை மூன்றாகச் செயற்படுத்தினார் என்றும் இப்னு அப்பாஸ் அறிவிக்கிறார். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 2017ஆம் ஆண்டில், இந்திய உச்ச நீதிமன்றம் உடனடி முத்தலாக் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

பெண் தானே கோரிப் பெறும் மணமுறிவு குலா எனப்படும். இதன் முதல் நிகழ்வாகச் சொல்லப்படுவது சாபித் இப்னு கைஸ் என்பவரின் மனைவியின் வழக்கு. அவர் பெயர் சில நூல்களில் ஹபீபா பின்த் சஹ்ல் எனவும், சிலவற்றில் ஜமீலா எனவும் காணப்படுகிறது. கணவரின் ஒழுக்கத்திலோ சமயப் பற்றிலோ குறை காணவில்லை. அவருடன் வாழ இயலவில்லை என்பதே அவர் கூறிய காரணம். மகராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக்கொடுக்க அவர் இசைந்தார். நபி, தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு அவரை விலக்கிவிடுமாறு சாபித்துக்குக் கூறினார். கணவன் மீது குற்றம் நிறுவப்பட வேண்டியதில்லை என்பது இவ்வழக்கின் சிறப்பு. பிற்காலச் சட்டவியலாளர் பெரும்பாலோர் கணவனின் இசைவு தேவை என்ற நிபந்தனையை வலியுறுத்தியமையால் குலாவின் பயன் குறைந்தது.

கௌலா பின்த் தஅலபா என்பவரின் வழக்கு குர்ஆனிலேயே இடம்பெற்றுவிட்டது. அவருடைய கணவர் அவ்ஸ் கோபத்தில், நீ எனக்குத் தாயின் முதுகைப் போன்றவள் எனப் பொருள்படும் பழைய வாய்பாட்டைச் சொல்லி அவரை ஒதுக்கினார். இவ்வாறு ஒதுக்கப்பட்ட பெண் மனைவியாகவும் வாழ முடியாது. வேறு மணமும் செய்ய முடியாது. கௌலா விடாமல் வாதிட்டார். 58ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அவ்வழக்கத்தைக் கண்டித்து அதற்குப் பரிகாரம் விதித்தன. 'வாதிடும் பெண்' எனும் பொருளில் அவ்வத்தியாயம் அல்முஜாதிலா எனப் பெயர் பெற்றது.

பரீராவின் வழக்கு வேறு வகையானது. அடிமையாக இருந்த பரீரா ஆயிஷாவால் விடுதலை செய்யப்பட்டார். அவருடைய கணவர் முகீஸ் ஓர் அடிமை. விடுதலை பெற்ற பரீராவுக்கு அத்திருமணத்தில் தொடர்வதா விலகுவதா என்ற தெரிவு வழங்கப்பட்டது, அவர் விலகினார். முகீஸ் தாடி நனையக் கண்ணீருடன் மதீனாத் தெருக்களில் அவர் பின்னே அலைந்ததை இப்னு அப்பாஸ் விவரிக்கிறார். இரங்கிய நபி, அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்றார். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரை மட்டுமே என்று விடை வந்தது. அப்படியானால் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா மறுத்துவிட்டார். அண்மையில் விடுதலை பெற்ற ஒரு பெண், சமூகத்தின் தலைவரும் நபியுமான ஒருவரின் பரிந்துரையை மறுத்ததும் அம்மறுப்பு ஏற்கப்பட்டதும் பிற்காலச் சட்ட நூல்களில் விரிவாக ஆராயப்பட்டன.

கைம்பெண்களும் மறுமணமும்

கணவனை இழந்த பெண் நான்கு மாதங்களும் பத்து நாட்களும் காத்திருக்க வேண்டும் (2:234). இக்காலம் இத்தா எனப்படும். மணவிலக்குப் பெற்றவருக்கு இது மூன்று மாதவிடாய்க் காலம். கருவுற்றவருக்கு மகப்பேறு வரை. குழந்தையின் தந்தை யார் என்பதில் ஐயம் எழாதிருப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. கணவர் இறந்து சில நாட்களில் மகப்பேறு அடைந்த சுபைஆ அல்அஸ்லமிய்யா மணப்பேச்சுக்கு ஆயத்தமானபோது ஒருவர் அவரைத் தடுத்தார். சுபைஆ நேரே நபியிடம் சென்று, மகப்பேற்றுடன் தம் இத்தா முடிந்துவிட்டது என்ற விடையைப் பெற்றுத் திரும்பினார்.

இத்தாவுக்குப் பின் மறுமணம் இயல்பானதாகக் கருதப்பட்டது. அஸ்மா பின்த் உமைஸ் முதலில் ஜஅபரையும், அவர் 629இல் மூத்தா போரில் இறந்தபின் அபூபக்கரையும், அவர் 634இல் இறந்தபின் அலியையும் மணந்தார். உம்மு சலமா, கணவர் இறந்தபின் அபூபக்கர், உமர் இருவரின் மணக் கோரிக்கைகளையும் மறுத்தவர். நபி கேட்டபோதும் தம் வயது, பொறாமைக் குணம், குழந்தைகள் ஆகியவற்றைத் தடையாக எடுத்துச் சொல்லி, அவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே இசைந்தார். கைம்மை ஒரு பெண்ணின் மதிப்பைக் குறைக்கவில்லை. நபியின் மனைவியருள் ஆயிஷா ஒருவரே முன்பு மணமாகாதவர்.

625ஆம் ஆண்டு உஹது போரில் ஏறத்தாழ 70 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். சிறிய ஊரான மதீனாவில் இது பல குடும்பங்களை ஆதரவற்றவையாக்கியது. அப்போரில் இறந்த சஅது இப்னு ரபீயின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். பொருளின்றித் தம் இரு மகள்களுக்கும் மணமாகாது என்று அவருடைய மனைவி நபியிடம் முறையிட்டார். மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும், எஞ்சியது சகோதரருக்கும் எனத் தீர்க்கப்பட்டது. மகனின் பங்கில் பாதியே மகளுக்கு என்ற விதியும் 4:11இலேயே உள்ளது.

பலதார மணம்

நான்கு மனைவியர் வரை மணக்க இடமளிக்கும் 4:3 வசனம் அநாதைகளுக்கு நீதி செய்வது பற்றிய பேச்சில் வருகிறது. தம் பொறுப்பில் உள்ள அநாதைப் பெண்களை, உரிய மகர் கொடுக்காமல், அவர்களின் சொத்துக்காக மணக்க விரும்பிய காப்பாளர்களைத் தடுக்க வந்தது இவ்வசனம் என்று ஆயிஷா தம் சகோதரி மகன் உர்வாவுக்கு விளக்கினார். மனைவியரிடையே நீதி செய்ய அஞ்சினால் ஒருத்தியே போதும் என்பதும் அதே வசனத்தின் பகுதி. நபிக்கு இவ்வெண்ணிக்கை வரம்பு பொருந்தவில்லை. அது தனிச் சலுகையாக 33ஆம் அத்தியாயத்தில் கூறப்படுகிறது. பாத்திமாவை மணந்திருந்த அலி, அபூஜஹ்லின் மகளை இரண்டாவதாக மணக்க முயன்றபோது நபி வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார் என்பதும் பதிவாகியுள்ளது.

உமரின் மனைவியாவதற்கு முன் ஆத்திகா பின்த் ஸைத், தம்மை அடிக்கக்கூடாது, பள்ளிவாசல் செல்வதைத் தடுக்கக்கூடாது என நிபந்தனைகள் விதித்ததாகக் கூறப்படுகிறது. அடிப்பது பற்றிய 4:34 வசனத்தின் பொருள் குறித்த விவாதம் அன்றே இருந்தது. கணவரின் அடி குறித்து முறையிட்டுப் பெண்கள் பலர் நபியின் மனைவியரிடம் வந்ததாகவும், அவ்வாறு அடிப்பவர்கள் நல்லவர்கள் அல்லர் என நபி கூறியதாகவும் ஒரு நபிமொழி உண்டு.

அடிமைப் பெண்கள்

மேலே கூறிய உரிமைகள் பெரிதும் சுதந்திரமான பெண்களுக்கு உரியவை. உரிமையாளன் தன் அடிமைப் பெண்ணுடன் மணமின்றிக் கூடி வாழ்வதைச் சட்டம் ஏற்றது. அதற்கு அவளுடைய சம்மதம் கேட்கப்படவில்லை. எசமானுக்குக் குழந்தை பெற்றவள் உம்மு வலது எனப்பட்டாள். அவளை விற்பதை உமர் தடை செய்தார். எசமான் இறந்தபின் அவள் விடுதலை பெற்றாள். போர் வெற்றிகளால் அடிமைகளின் எண்ணிக்கை பெருகியதும் இந்நிலை செல்வந்தர் வீடுகளில் பரவலாகியது. அப்பாசியக் கலீபாக்களில் பெரும்பாலோரின் தாய்மார் அடிமைப் பெண்களே.

சட்டப் பள்ளிகளின் காலம்

8, 9ஆம் நூற்றாண்டுகளில் சட்டப் பள்ளிகள் உருவானபோது தனித்தனி வழக்குகள் பொது விதிகளாக மாறின. கூஃபா நகரின் அபூஹனீபா (இறப்பு 767), வயதுவந்த பெண் தானே தன் திருமண ஒப்பந்தத்தைச் செய்யலாம் என்றார். மாலிக், ஷாபிஈ (இறப்பு 820), இப்னு ஹன்பல் (இறப்பு 855) ஆகியோர் காப்பாளர் கட்டாயம் என்றனர். இரண்டாம் மனைவியைக் கொள்ளக்கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்தால் அது கணவனைக் கட்டுப்படுத்தும் என ஹன்பலிப் பள்ளி ஏற்றது. இந்நிபந்தனை நடைமுறையிலும் இருந்தது. எகிப்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தங்களில் இத்தகைய விதிகள் காணப்படுகின்றன. துனீசியாவின் கைரவான் நகரில் இது ஒரு வழக்கமான ஒப்பந்த வாசகமாகவே நிலைபெற்றது.

இம்மாற்றத்தை நவீன ஆய்வாளர்கள் பலவாறு மதிப்பிட்டுள்ளனர். பழைய அரேபியாவில் தாய்வழிக் கூறுகள் வலுவாக இருந்தன என்று 1885இல் ராபர்ட்சன் ஸ்மித் வாதிட்டார். குர்ஆனின் அறநெறிச் சமத்துவக் குரலுக்கும் அப்பாசியக் காலச் சட்டத்துக்கும் இடையே விரிசல் உண்டு என்பது 1992இல் லைலா அகமது முன்வைத்த கருத்து. சட்டவியலாளர்கள் திருமணத்தையும் அடிமை உடைமையையும் ஒப்பிட்டே சிந்தித்தனர் என்று 2010இல் கீசியா அலி எடுத்துக்காட்டினார்.

அரபிக்கடல் வணிகத்தின் வழியே ஷாபிஈ பள்ளி கேரளக் கரையிலும் தமிழகக் கரையோரத்திலும் இலங்கையிலும் வேரூன்றியது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் ஷாபிஈ பெண்ணின் திருமணத்துக்கு வலீயின் பங்கு வலியுறுத்தப்பட்டதும், மணமகளின் கையொப்பத்துக்கு இடமளிக்கப்படாததும் அப்பள்ளியின் மரபை ஒட்டியே ஆகும். அக்கையொப்பத்தைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது இலங்கை முஸ்லிம் பெண்கள் முன்வைத்த சீர்திருத்தக் கோரிக்கைகளுள் ஒன்று.